குளக்கரையில் நின்று பார்க்கிற வேலை

நீச்சல் குளத்தில் நீந்திக்கொண்டே பந்தை எறிந்து கோல் போடும் வாட்டர் போலோவை ஆடிய காலத்தில் நான் செண்டர் ஃபார்வர்ட். எதிரணி கோலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, பின்னால் ஒருவன் தோளை அழுத்திக்கொண்டே இருக்க, பந்து வரும்வரை இடத்தை விட்டுக்கொடுக்காமல் நிற்க வேண்டும். நிற்பது என்று சொல்கிறேனே தவிர, கோல் கீப்பரைத் தவிர வேறு யாரும் குளத்தின் தரையில் காலூன்றக் கூடாது. சாம்பியன் பட்டம் வென்றபோது எல்லோரும் என் கோல்களைப் பற்றித்தான் பேசினார்கள், கால்களைப் பற்றி ஒருவரும் பேசவில்லை.

கோச்சான பிறகு எனக்குக் கால்கள்தான் கண்ணில் படுகின்றன. எக்பீட்டர் கிக் என்போம்: உட்கார்ந்த மாதிரி முழங்காலை அகட்டி மடக்கி, ஒரு கால் ஒரு பக்கமும் மறுகால் எதிர்ப்பக்கமுமாக மாறி மாறிச் சுழற்றுவது. இது சரியாக அமைந்தால்தான் கை இரண்டும் விளையாட்டுக்கு மிஞ்சும். ஷாட் கம்பத்துக்கு மேலே போனால் பையன் உடனே மணிக்கட்டைப் பார்ப்பான், ஆனால் பெரும்பாலும் அவன் இடுப்பு கீழே இறங்கி, உடம்பு பின்னால் சாய்ந்திருக்கும். அதனால் பந்தைப் பிடுங்கி வைத்துவிட்டு, இரண்டு கையையும் தலைக்கு மேலே தூக்கிக்கொண்டு மிதக்கச் சொல்வேன். "கோச், தொடை எரியுது" என்பார்கள். எரியட்டும், அங்கேதான் ஷாட் இருக்கிறது.

ராட்கோ ரூடிச்சை அடிக்கடி நினைத்துக்கொள்வேன். 1980 மாஸ்கோ ஒலிம்பிக்கில் யூகோஸ்லாவியாவுக்கு ஆடி வெள்ளி வாங்கியவர், பயிற்சியாளராக 1984, 1988-இல் அதே நாட்டுக்கும், 1992-இல் இத்தாலிக்கும், 2012-இல் குரோஷியாவுக்கும் தங்கம் வாங்கித் தந்தார். ஆட்கள் வேறு, மொழி வேறு, அணியின் பழக்கவழக்கம் வேறு. எங்கே போனாலும் கடும் பயிற்சிதான், அதில் மட்டும் அவர் இளகியதில்லை. நட்சத்திர வீரர்கள் அமைந்ததால் ஜெயித்தார் என்று யாராவது சொன்னால் எனக்கு ஒப்பாது.

ஆட்டத்தில் ஒரு குவார்ட்டர் 8 நிமிடம், அப்படி நான்கு. கடைசிக் குவார்ட்டரில் நான் பந்தைவிடத் தோள்களைத்தான் அதிகம் பார்ப்பேன். முதலில் அக்குள்வரை வெளியே தெரிந்தவன் கழுத்தளவுக்கு இறங்கிவிட்டான் என்றால், அவன் நன்றாக ஆடிக்கொண்டிருந்தாலும் வெளியே கூப்பிட்டுவிடுவேன். முறைத்துக்கொண்டேதான் வருவான். அப்புறம் வீடியோவைப் போட்டு அந்த இரண்டு நிமிடத்தைக் காட்டினால் பேச்சு நின்றுவிடும், மறுநாள் அவனே முதல் ஆளாகக் கால் பயிற்சிக்கு இறங்குவான்.