டேலியில் எடிட் லாக்: மாறியபோது கவனித்தவை

கம்பெனிச் சட்டத்தின் கீழ் பதிவான நிறுவனம் என்றால், பிரைவேட் லிமிடெட்டோ ஓ.பி.சி.யோ (ஒரே உரிமையாளர் கொண்ட கம்பெனி), டேலி போன்ற கணக்கு மென்பொருளில் எடிட் லாக், அதாவது யார் எதை எப்போது திருத்தினார் என்று தானாகப் பதிவாகும் வசதி, கட்டாயம். 2021 மார்ச்சில் அறிவித்து, இரண்டு முறை தள்ளிவைத்து, 2023 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்தது. பார்ட்னர்ஷிப், எல்.எல்.பி., தனியாள் கடைகளுக்கு இந்த விதி இல்லை.

ஒவ்வொரு பதிவும் லாக்கில் ஏற வேண்டும், திருத்தினால் தேதியோடு தெரிய வேண்டும், அந்த வசதியை யாராலும் அணைக்க முடியக் கூடாது. பலர் இடறுவது கடைசியில்தான். சாதாரண டேலிபிரைமில் எஃப்11 அழுத்தி, கம்பெனி அமைப்புகளுக்குள் போய் எடிட் லாக்கை ஆன் செய்யலாம். அதே இடத்தில் ஆஃபும் செய்யலாம். ஆகவே அது போதாது. 'டேலிபிரைம் எடிட் லாக்' என்ற தனிப் பதிப்பைத்தான் போட வேண்டும்.

மாற்றுவது அரை நாள் வேலை. முழு பேக்கப் எடுத்துத் தனியே வையுங்கள். டிரையல் பேலன்ஸ், ஸ்டாக் சம்மரி இரண்டையும் பிரிண்ட் எடுத்து, புதிய பதிப்பில் திறந்ததும் பைசா வரை ஒப்பிடுங்கள். நிதியாண்டு தொடங்கும் ஏப்ரல் மாதத்தின் முதல் வவுச்சருக்கு (கணக்குப் பதிவுக்கு) முன்பே இதை முடித்துவிட வேண்டும். வருடம் முழுக்க லாக் ஓடியதா என்று ஆடிட்டர் தன் அறிக்கையில் விதி 11(ஜி)-யின் கீழ் எழுதியாக வேண்டும். ஜூனில் மாறினால் ஏப்ரலும் மே மாதமும் ஓட்டைதான், அதைப் பின்னால் அடைக்க முடியாது.

திருத்தினால் குற்றம் என்று பல அலுவலகங்களில் ஒரு பயம். அப்படி இல்லை. 48,500 ரூபாய் பில்லை 45,800 என்று போட்டுவிட்டுப் பிறகு சரி செய்கிறீர்கள். அந்த வவுச்சரில் ஆல்ட்+கியூ அழுத்தினால் இரண்டு பதிப்பும், யார், எப்போது என்பதும் வரும். நரேஷனில் (வவுச்சரின் விளக்கக் குறிப்பில்) 'எண் மாறிப் பதிவு, பில் பார்த்துச் சரி செய்தது' என்று ஒரு வரி இருந்தால் கேள்வியே வராது. வேண்டாத வவுச்சரை ஆல்ட்+டி போட்டு அழிப்பதைவிட ஆல்ட்+எக்ஸ் போட்டு கேன்சல் செய்வது மேல். எண் வரிசை அறுபடாது.

உண்மையான சிக்கல் பழக்கத்தில். நாலு பேரும் ஒரே அட்மின் பாஸ்வேர்டில் உட்கார்ந்தால் லாக் முழுக்க ஒரே பெயர்தான் நிற்கும். ஆளுக்கொரு ஐ.டி. கொடுத்து, கேஷியருக்குத் திருத்தும் உரிமையை எடுத்துவிடுங்கள். கம்ப்யூட்டரின் கடிகாரத்தையும் பாருங்கள்: மதர்போர்டில் இருக்கும் காசு அளவு பேட்டரி தீர்ந்தால் தேதி பல வருடம் பின்னால் போய்விடும், லாக்கிலும் அதுதான் ஏறும்.

அடுத்தது, டேலிக்கு வெளியே இருக்கும் மென்பொருள்கள். பில்லிங், சம்பளக் கணக்கு தனி மென்பொருளில் ஓடி, மொத்தத் தொகை மட்டும் டேலிக்கு வந்தால், அவற்றிலும் லாக் வேண்டும். எஸ்.கியூ.எல். டேட்டாபேஸ் பின்னால் இருந்தால், அதில் நேரடியாகக் கை வைத்து மாற்றியது பதிவாகிறதா என்றும் ஆடிட்டர் கேட்பார். திரையில் மட்டும் லாக் வைத்திருக்கும் மென்பொருள்கள் இந்த இடத்தில்தான் மாட்டுகின்றன. எக்செலில் தேய்மானம் போட்டு வவுச்சராக ஏற்றுவதில் தவறில்லை. எக்செலையே கேஷ் புக்காக வைக்கத்தான் முடியாது.

பேக்கப் தினமும் வேண்டும், அதுவும் இந்தியாவில் இருக்கும் சர்வரில். 2022 ஆகஸ்டுக்கு முன் 'அவ்வப்போது' என்றுதான் இருந்தது. இலவச கிளவுடில் போட்டால் சர்வர் எந்த நாட்டில் இருக்கிறது என்று உங்களால் சொல்ல முடியாது. வருடாந்திரக் கணக்குக்கான ஏ.ஓ.சி.-4 படிவத்தைத் தாக்கல் செய்யும்போது சேவை தருபவரின் பெயர், ஐ.பி. முகவரி, இடம் எல்லாம் எழுத வேண்டியிருக்கும். ஒப்பந்தம் போடும்போதே கேட்டு வாங்கிவிடுங்கள்.

கரண்ட் போய் டேட்டா கெட்டால் பழைய பேக்கப்பை ரீஸ்டோர் செய்வோம். அப்போது இடைப்பட்ட நாட்களின் லாக்கும் சேர்ந்தே போகும். மறுபடி போடும் வவுச்சர்கள் இன்றைய தேதியில் உருவானதாகக் காட்டும். கெட்ட டேட்டா ஃபோல்டரை அழிக்காமல் தனியே எடுத்து வைத்து, ரீஸ்டோர் செய்த நாள், காரணம், எந்த எண்ணிலிருந்து மறுபடி போட்டது என்பதை ஒரு தாளில் எழுதி டைரக்டரிடம் கையெழுத்து வாங்குங்கள். கணக்குப் புத்தகங்களோடு அதையும் 8 வருடம் வைத்திருக்க வேண்டும்.