மத்தியானம் வரும் காய்ச்சல்

எங்களுக்கு மன்னார்குடிப் பக்கம், ஏழு கறவை மாடுகள். போன வருடம் குறுவை அறுப்பு நேரத்தில் மழை பிடித்துக்கொண்டது. வயலில் கிடந்த வைக்கோல் சரியாகக் காயும் முன்பே மெஷின்காரர் வந்து கட்டிக் கொடுத்துவிட்டுப் போய்விட்டார், அவருக்கு அடுத்த வயல் அவசரம். நானும் தார்ப்பாய் போட்டு மூடி வைத்தேன். கார்த்திகையில் கட்டைப் பிரித்தால் உள்ளே கதகதவென்று சூடு, உதறினால் வெள்ளையாகப் புகை போல எழும்பியது. மாடு தின்றது, அதனால் எனக்குத் தப்பாகத் தெரியவில்லை.

காலை ஆறு மணிக்கு வைக்கோல் உதறுவேன். பன்னிரண்டு மணி வாக்கில் குளிர் எடுக்கும், அப்புறம் காய்ச்சல், வறட்டு இருமல், வரப்பில் நாலு எட்டு வைத்தால் மூச்சு வாங்கும். ராத்திரி தூங்கி எழுந்தால் கொஞ்சம் பரவாயில்லை, எழுந்ததும் நேராகக் கொட்டகைக்குத்தான் போவேன். ஆறு மணி நேரம் கழித்து வரும் காய்ச்சலுக்கும் காலை வேலைக்கும் யார் முடிச்சுப் போடுவார்கள்?

மூன்று முறை ஆன்டிபயாடிக். டெங்கு இல்லை, மலேரியா இல்லை. சளியை இரண்டு தடவை பரிசோதித்தார்கள், காசநோய் இல்லை, ஆனாலும் எக்ஸ்ரே சரியில்லை, காசநோய் மாத்திரையை ஆரம்பித்துவிடலாம் என்றார் ஒருவர். எட்டு கிலோ குறைந்திருந்தேன்.

தஞ்சாவூரில் ஒரு நுரையீரல் டாக்டர் அம்மாதான் முதல் முறையாக, "காலையில் எழுந்ததும் என்ன வேலை பார்ப்பீங்க?" என்று கேட்டார். நான் முழித்தேன். என் மனைவிதான் முந்திக்கொண்டு, திருச்சியில் கல்யாணத்துக்குப் போய் ஐந்து நாள் தங்கியபோது காய்ச்சலே வரவில்லை, வீடு திரும்பிய இரண்டாம் நாள் வந்துவிட்டது என்றாள். அம்மா பேனாவை வைத்துவிட்டு நிமிர்ந்து உட்கார்ந்தார்.

சி.டி. ஸ்கேன், ஊதும் பரிசோதனை, கடைசியில் பிராங்கோஸ்கோபி. தொண்டையை மரக்க வைத்து, மூக்கு வழியாகக் குழாய் விட்டு, நுரையீரலுக்குள் உப்புத் தண்ணீரை ஊற்றித் திரும்ப உறிஞ்சுவார்கள். வலி இல்லை, ஆனால் மூழ்குகிற மாதிரி இருமல் வரும், அதை மறைத்துப் பொய் சொல்ல முடியாது. அந்தத் தண்ணீரில் கிருமி எதுவும் வளரவில்லை. புகை பிடிக்காத, நோயில்லாத ஆளுக்கு அதில் நூறு அணுவில் லிம்போசைட் என்ற வெள்ளை அணு பத்துப் பதினைந்தைத் தாண்டாதாம். எனக்கு 58.

இது கிருமித் தொற்று இல்லை, 'ஃபார்மர்ஸ் லங்', அதாவது விவசாயி நுரையீரல் என்ற ஒவ்வாமை நோய். ஈர வைக்கோல் சூடேறினால் அந்தச் சூட்டிலேயே வளரும் நுண்ணுயிர் ஒன்று உண்டு, அதன் தூள் மூச்சுச் சிற்றறை வரை இறங்கும் என்றார் அம்மா. முதலில் நுரையீரலில் காவல் இருக்கும் மேக்ரோபேஜ் என்ற அணு அதை விழுங்கிவிட்டு மற்ற அணுக்களைக் கூப்பிடுகிறது, சில மணி நேரத்தில் நியூட்ரோபில் என்ற இன்னொரு வகை வெள்ளை அணுக்கள் வந்து குவிகின்றன, காய்ச்சல் அந்த நேரத்தில்தான். அப்புறம் லிம்போசைட்டுகள் வந்து கலையாமல் உட்கார்ந்துகொள்கின்றன. தினமும் தூள் போனால் தினமும் இதே கதை, கடைசியில் நுரையீரல் தழும்பேறி இறுகிப் போகலாம். திருடனே வராத வீட்டுக்கு ஊரே கம்போடு வந்து கூரையைப் பிய்த்த மாதிரிதான் எனக்குப் பட்டது. இங்கிலாந்தில் 1932-லேயே காம்பெல் என்ற டாக்டர் பூசணம் பிடித்த உலர்புல்லைக் கையாண்ட விவசாயிகளிடம் இதைப் பார்த்து எழுதிவிட்டாராம்.

என் மச்சானும் அதே கொட்டகையில்தான் வேலை செய்கிறான், ஒரு நாளைக்கு ஒரு கட்டு பீடி, அவனுக்கு ஒன்றும் இல்லை. இதைக் கேட்டதும் அம்மா சிரித்துவிட்டார். பீடிப் புகை அந்த அணுக்களையே மந்தமாக்கிவிடுமாம், அதனால் புகைப்பவர்களுக்கு இது குறைவாகத்தான் வருமாம், ஆனால் வந்துவிட்டால் மோசமாகப் போகுமாம். மனைவி என்னைப் பார்த்த பார்வையில் அந்தப் பேச்சு அங்கேயே முடிந்தது.

பிரெட்னிசோலோன் என்ற ஸ்டீராய்டு மாத்திரையை 40 மில்லிகிராமில் ஆரம்பித்து மெல்ல மெல்லக் குறைத்தார்கள். முகம் ஊதியது, சர்க்கரை 240 வரை ஏறியது, நடுராத்திரியில் பழையது தேடும் அளவுக்குப் பசி. மாத்திரை வீக்கத்தைத்தான் அடக்கும், வைக்கோலை விடாவிட்டால் வீண் என்று ஒவ்வொரு முறையும் சொல்லி அனுப்பினார்கள். மிச்சக் கட்டுகளை ஒருவர் பாதி விலைக்குக் கேட்டார். கொடுக்க மனசு வரவில்லை, மச்சான் தண்ணீர் அடித்து நனைத்து எருக்குழியில் தள்ளினான். இப்போது மாடுகளுக்குக் கோ-4 என்ற பச்சைத் தீவனப் புல்தான் அதிகம், வைக்கோல் பக்கம் நான் போவதில்லை. துண்டைக் கட்டிக்கொண்டால் போதும் என்று நினைக்காதீர்கள், அந்தத் தூளுக்குத் துண்டு ஒரு தடையே இல்லை.

ஆனியில் மாத்திரை நின்றது. ஸ்கேனில் ஒரு மூலையில் மட்டும் லேசான தழும்பு இருக்கிறது, தையில் மறுபடி பார்க்க வேண்டும். நேற்று மெஷின்காரர் போன் செய்தார், நாளைக்கே கட்டிவிடலாமா என்று. "மூணு நாள் வெயில்ல நல்லா புரட்டிப் போட்டுக் காய வச்சிடுறோம், அப்புறம் வாங்கண்ணே" என்றேன். முனகிக்கொண்டேதான் வைத்தார்.