மிக்கேல் அதிதூதரின் குகையில்

சிறு வயதில் நான் இரவுதோறும் அலறி எழுந்து, பசாசு நிற்கிறது என்று அறையின் மூலையைக் காட்டி அழுவேனாம். அந்தப் பயம் தெளிந்தால் பிள்ளையை, பசாசை வீழ்த்திய வானதூதராகப் போற்றப்படும் மிக்கேல் அதிதூதரின் குகை ஆலயத்துக்கே அழைத்து வருவதாக அம்மா நேர்ந்துகொண்டார். பயம் தெளிந்தது, நேர்ச்சைதான் நாற்பது ஆண்டுகள் நிலுவையில் கிடந்தது. அம்மா இறைவனடி சேர்ந்த பிறகு, சென்ற செப்டம்பர் 29 அன்று, அதிதூதரின் திருநாளிலேயே, அம்மாவின் செபமாலையை எடுத்துக்கொண்டு இத்தாலியின் கார்கானோ மலைமேல் இருக்கும், அந்தக் குகை உள்ள ஊரான மோந்தே சாந்தாஞ்செலோவுக்குப் போய்ச் சேர்ந்தேன்.

வளைந்து வளைந்து ஏறிய மலைப்பாதையில் வயிறு புரட்டியதைக்கூடப் பொறுத்துக்கொண்டேன். ஆலய வாசலுக்கு அருகே ஒருவர் என் கையில் புதுச் செபமாலையைத் திணித்துவிட்டுப் பணத்துக்காகப் பின்தொடர்ந்ததுதான் எரிச்சலூட்டியது. அம்மாவின் செபமாலையை உயர்த்திக் காட்டிய பிறகே விலகினார். குகைக்கு இறங்கும் 86 படிகளிலும் கூட்டம் நெருக்கித் தள்ளியது. 1216இல் இங்கு வந்த அசிசி நகர் பிரான்சிஸ், உள்ளே நுழையத் தமக்குத் தகுதியில்லை என்று வாசலோடு நின்றுவிட்டதாக மரபு சொல்கிறது. அந்த வாசலை நாங்கள் முழங்கையால் இடித்துக் கடந்துகொண்டிருந்தோம் என்பதை எண்ணி வெட்கப்பட்டேன். 1076இல் கான்ஸ்டான்டிநோபிளில் வார்த்த வெண்கலக் கதவுகளை நின்று பார்க்கவும் முடியவில்லை.

உள்ளே ஈரப் பாறையின் குளிர்ச்சி. மனிதக் கையால் அபிஷேகம் செய்யப்படாமல், அதிதூதரே தமக்கென அர்ச்சித்துக்கொண்டதாக நம்பப்படும் பீடம் அது. 1507இல் சான்சோவினோ செதுக்கிய வெண்பளிங்குச் சுரூபத்தில் அதிதூதர் சுருள்முடி இளைஞராக வாளை ஓங்கி நிற்கிறார். என் கண்களோ அவருடைய முகத்தை விட்டுவிட்டு, காலடியில் குரங்கு முகமும் ஆட்டுத் தொடையும் பாம்பு வாலுமாய்க் கிடந்த பசாசின் உருவத்திலேயே நிலைத்துவிட்டன.

இவனுக்கா இத்தனை காலம் பயந்தேன்? கடவுளுக்கு எதிரே சரிசமமாக நிற்கும் இன்னொரு கடவுளைப் போலவே அவனை நான் மனத்துக்குள் வைத்திருந்தேன். அலகையும் (சாத்தானும்) மற்றப் பேய்களும் கடவுளால் நல்லவையாகவே படைக்கப்பட்டுத் தாமாகவே தீயவையாயின என்று 1215இல் கத்தோலிக்கத் திருச்சபையின் பொதுச்சங்கமான நான்காம் லாத்தரன் சங்கம் அறிக்கையிட்டதை மறைக்கல்வியில் படித்திருந்தும், அது நெஞ்சில் இறங்கியது அந்தக் குளிரில்தான். பாவம் செய்த தூதர்களைப் பற்றி விவிலியத்தில் பேதுருவின் இரண்டாம் திருமுகமும் யூதாவின் திருமுகமும் பேசுகின்றன. பாபிலோன் மன்னனைக் குறித்து இறைவாக்கினர் எசாயா பாடிய, வானிலிருந்து விழுந்த விடிவெள்ளியிலும் திருச்சபைத் தந்தையர் எனப்படும் தொடக்ககால மறைவல்லுநர்கள் இவனையே கண்டார்கள். ஆதியாகமத்தில் மனிதரின் புதல்வியரை மணந்த ‘தெய்வப் புதல்வர்’ என்போர் வீழ்ந்த தூதர்களே என்றும் தொடக்ககாலத்தில் சிலர் கருதினார்கள். புனித அகுஸ்தினார் அதை ஏற்காமல், செருக்கே தூதர்களின் வீழ்ச்சிக்கு வேர் என்றார். ஆக, அந்தக் குரங்கு முகத்துக்குள் இருப்பது ஒரு காலத்தில் ஒளியாகப் படைக்கப்பட்ட ஓர் ஆவி. மனிதருக்குச் சாவுக்குப் பின் மனமாற்றம் இல்லாதது போலவே வானதூதருக்கு வீழ்ச்சிக்குப் பின் மனமாற்றம் இல்லை என்று அந்தத் தந்தையரில் ஒருவரான தமஸ்கு நகர் யோவான் எழுதியது நினைவுக்கு வந்தபோது, பயம் இருந்த இடத்தில் ஏதோ ஒரு துக்கம் வந்து உட்கார்ந்தது. நற்செய்தியில் ஒரு மனிதனைப் பிடித்திருந்து ‘இலேகியோன்’ (பெரும்படை) என்று பெயர் சொன்ன அத்தனை பேய்களும் பன்றிகளுக்குள் புகுவதற்குக்கூட ஆண்டவரிடம் அனுமதி கேட்க வேண்டியிருந்ததே!

அதன்பின் என்ன செபித்தேன் என்று எனக்கே தெரியவில்லை. நன்றி, நன்றி என்பதைத் தவிர வாயில் எதுவும் வரவில்லை. அம்மாவின் செபமாலை நனைந்திருந்தது. நகரும்படி யாரோ தோளைத் தட்டினார்கள்.

உறவினர்கள் எழுதிக் கொடுத்த வேண்டுதல் சீட்டுகள் சட்டைப் பையிலேயே இருந்ததைப் பாதிப் படி ஏறிய பிறகுதான் கவனித்தேன். வருகிறவர்களோடு சேர்ந்து மறுபடியும் இறங்கினேன்.