கடைத்தெருவில் சனிக்கிழமைக் கச்சேரி

மே 4, 2024, சனி

கடை சாத்தும் நேரத்தில் தவில்கார அண்ணன் வந்து உட்கார்ந்தார். "கல்யாணமும் திருவிழாவும் இல்லாத மாசத்துல தவில் உறைக்குள்ளேயே கிடக்குதும்மா" என்றார். மனசுக்குக் கஷ்டமாகிவிட்டது. பினாங்கு ஜார்ஜ் டவுனில் இந்தத் தெருவின் பலகையில் லெபு பசார் என்று இருந்தாலும் எங்களுக்கு இது கடைத்தெருதான். காலையிலிருந்து இரவு வரை இங்கே பாட்டுக்குப் பஞ்சமில்லை, ஆனால் எல்லாம் ஸ்பீக்கரில் வருவது. ஆள் உட்கார்ந்து வாசித்துக் கேட்க வேண்டுமென்றால் குயின் தெரு மாரியம்மன் கோவிலுக்குத்தான் போகவேண்டும். 1833-இல் கட்டிய கோவில் அது. அங்கே கும்பிடப் போகாதவர்களும் நாதஸ்வரம் கேட்கட்டுமே. சனிக்கிழமைதோறும், காசு வாங்காமல், எங்கள் கடை அஞ்சடியிலேயே, அதுதான் கடை முன்னால் கூரை போட்ட நடைபாதையிலேயே, கச்சேரி வைத்தால் என்ன?

மே 12, ஞாயிறு

எத்தனை மணிக்கு என்பதுதான் இன்றைய பேச்சு. கப்பித்தான் பள்ளிவாசல் பக்கத்திலேயே இருக்கிறது. ஜூனில் மஃரிப் பாங்கு, அதாவது அந்தித் தொழுகைக்கான அழைப்பு, ஏழரைக்கு மேல்தான். அதனால் ஐந்தரைக்குத் தொடங்கி ஏழுக்கெல்லாம் முடித்துவிடலாம் என்று நாசி கண்டார் சோற்றுக் கடை பாயிடம் சொன்னேன். "தாராளமா வாசிங்க, வாசிக்கிறவங்களுக்கு நுரை பொங்க ஆத்துன டீ, தே தாரே, என் பொறுப்பு" என்றார். 1982-இல் அரசு கடிகாரத்தை அரை மணி முன்னே தள்ளியதிலிருந்து இங்கே ஏழு மணிக்கும் நல்ல வெளிச்சம், விளக்கே வேண்டாம். ஆனால் தள்ளிப்போடக் கூடாது. செப்டம்பர், அக்டோபர் வந்துவிட்டால் பினாங்கில் மழை விடாது.

மே 23, வியாழன்

பெர்மிட் கிடைத்தது.

ஒரு வியாபாரி இரண்டாயிரம் வெள்ளி (ரிங்கிட்) தர முன்வந்தார். முன்னால் இரண்டு வரிசை நாற்காலி போட்டு, அதில் அவருடைய விருந்தாளிகளை உட்காரவைக்க வேண்டுமாம். நல்ல மனிதர், நல்ல தொகை. இரவெல்லாம் யோசித்துவிட்டு வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். நாற்காலி போட்டால் மூட்டை தூக்கும் தம்பி தள்ளி நின்றுதான் கேட்பான். நாற்காலியே கிடையாது, நாலு பெஞ்சு போதும், முதலில் வருகிறவர் உட்காரட்டும்.

ஜூன் 1, சனி

ஐந்து மணிக்கு மழை. ஈரக் காற்றில் தவில் தோல் தொய்ந்துவிடும் என்று அண்ணன் உறையை அவிழ்க்கவே இல்லை. ஆறரை வரை பார்த்துவிட்டுக் கலைந்தோம். அழுகையே வந்துவிட்டது.

ஜூன் 8, சனி

வாசித்தார்கள்!

அண்ணன் விரல்களுக்குக் கூடு மாட்டுவதை இவ்வளவு பக்கத்தில் இன்றுதான் பார்த்தேன். துணியைச் சுற்றிப் பசை தடவிக் காயவைத்தது, கல் மாதிரி இறுகியிருந்தது. ஒவ்வொன்றாக மாட்டி, ஒன்றோடொன்று தட்டிப் பார்த்து, அப்புறம் தவிலின் வலது பக்கமான வலந்தலையில் ஒரே ஒரு அடி. எதிர்க்கடையில் ஸ்பீக்கரை அவர்களாகவே நிறுத்தினார்கள். அந்தத் தெருவில் பகலில் அப்படி ஓர் அமைதியை நான் கேட்டதே இல்லை. பிறகு நாதஸ்வரம் எழுந்தது. மார்க்கெட் பையோடு போய்க்கொண்டிருந்த சீனப் பாட்டி ஒருவர் பையைக் கீழே வைத்துவிட்டு நின்றார். தமிழ்நாட்டிலிருந்து வேலைக்கு வந்த தம்பிகள் மூன்று பேர் முதல் பெஞ்சில். ஒருவன் போனை உயர்த்தி ஊரில் இருக்கும் அம்மாவுக்குக் காட்டிக்கொண்டே இருந்தான்.

ஜூலை 6, சனி

ஐந்தாவது கச்சேரி. 2008-இல் ஜார்ஜ் டவுன் உலக மரபு நகரமானது ஜூலை 7-ஆம் தேதி. நாளை அதற்கு விடுமுறை என்பதால் தெரு முழுக்கக் கூட்டம். கச்சேரி நடுவில் ஒரு பாக்சிக், வயதான மலாய்க்காரர், வயலின் பெட்டியோடு வந்து, "நானும் சேர்ந்துகொள்ளலாமா?" என்று மலாயில் கேட்டார். மலாய்ப் பாடகரும் நடிகருமான பி. ரம்லி பிறந்த ஊரில் அந்தக் கேள்விக்கு வேறென்ன பதில்! மெதுவான ஒரு குரோஞ்சோங் மெட்டு எடுத்தார், இந்தோனேசியா, மலேசியா பக்கத்துப் பழைய பாட்டு வகை அது. அண்ணன் இரண்டு சுற்று தலையாட்டிக் கேட்டுவிட்டு, கூட்டைக் கழற்றி வைத்து, வெறும் விரலால் மெல்லச் சேர்ந்துகொண்டார்.

அடுத்த சனி ஐந்து மணிக்கே வந்துவிடுவதாகச் சொல்லிவிட்டுப் போனார் பாக்சிக். இன்னும் இரண்டு பெஞ்சு வேண்டும், பாயிடம் கேட்க வேண்டும்.