வெறுமையாக விட்ட கட்டங்கள்

மூதூரிலிருந்து திருகோணமலை நகருக்குப் பஸ் ஏறி இறங்கியே ஆறு மாதம் போய்விட்டது. இந்தக் கிழமைதான், பேச்சு வராத என் மகனுக்குப் பாடசாலையின் விசேட கல்வி அலகில் இடம் என்ற கடிதம் கைக்கு வந்தது. கோபம் இன்னும் ஆறவில்லை. இதே வழியில் அலையப்போகும் தாய்மாருக்காக எழுதுகிறேன்.

மருத்துவ மாது பார்த்து அனுப்பியது, பிள்ளை வைத்தியரைக் கண்டது எல்லாம் சிக்கலில்லாமல் முடிந்தன. நான் தடுக்கி விழுந்தது பிள்ளையின் சுகாதார விருத்திப் பதிவேட்டில். தடுப்பூசிப் பக்கம் நிரம்பியிருந்தது. வளர்ச்சிப் படிகளைக் குறிக்கும் பக்கத்தில் ஒன்றரை வயதுக்குப் பிறகு ஒன்றுமில்லை. "இரண்டு சொல்லைச் சேர்த்து எப்போது பேசினான்?" என்று வைத்தியர் கேட்டார். பேசவேயில்லை என்று சொல்வதற்குள் எனக்குத் தொண்டை அடைத்துவிட்டது. "ஆண் பிள்ளை சுணங்கித்தான் பேசும்" என்ற சொந்தபந்தங்களின் பேச்சை நம்பி விட்ட கட்டங்கள் அவை. பிள்ளை இன்னும் செய்யாதவற்றையும் திகதி போட்டு எழுதி வையுங்கள்.

அடுத்தது, இடம் கேட்டுப் போன கல்வி அலுவலகம். இலிகிதர் கோப்பைத் திறக்கவேயில்லை. "பேச்சு வந்த பிறகு கூட்டிக்கொண்டு வாருங்கள், தங்கச்சி" என்றார். பேச்சு வராததால்தானே வந்து நிற்கிறோம்! மகன் வாங்கின் கீழே என் செருப்பையும் தன் செருப்பையும் நுனி பிசகாமல் ஒரே கோட்டில் அடுக்கிக்கொண்டிருந்தான்.

இரண்டாம் முறை, செவிப் பரிசோதனை அறிக்கை இல்லையென்று திருப்பினார்கள். அதைக் கேட்டது நியாயம்தான். காதில் குறை இருந்து பேச்சு தடைப்பட்டதா என்பதை முதலில் பார்த்தே ஆக வேண்டும். முதல் நாளே சொல்லியிருந்தால் கணவரின் ஒரு நாள் கூலி மிஞ்சியிருக்கும். பரிசோதனை எந்த நாளில் நடக்கும் என்று கேட்டுவிட்டுப் புறப்படுங்கள்; கேட்காமல் போய் இன்னொரு நாளையும் இழந்தேன்.

மூன்றாம் முறை அறிக்கையோடு போனேன். முதல் நாள் சொன்ன அதே பதில். "5 வயது முதல் 16 வயது வரை கல்வி கட்டாயம் என்பது சட்டம். மறுப்பதானால் காரணத்தை எழுதித் தாருங்கள், ஐயா" என்றேன். குரல் நடுங்கியது. அவர் எழுந்து உள்ளே போனார். விசேட கல்விக்குப் பொறுப்பான அதிகாரி வெளியே வந்து, தரையில் மகனுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, தன் செருப்பையும் அந்த வரிசையில் வைத்தார். மகன் அதைச் சரிசெய்தான். பிறகு எல்லாம் நடந்தது.

பிறப்புச் சான்றிதழ், கிராம உத்தியோகத்தரின் வதிவிடச் சான்று, வைத்திய அறிக்கைகள் என்று எல்லாவற்றிலும் இரண்டு பிரதி எடுத்துக்கொள்ளுங்கள். பதிவேட்டை யாரிடமும் விட்டுவிட்டு வராதீர்கள்.

வியாழக்கிழமை பேச்சுப் பயிற்சி இருக்கிறது. இடம் கிடைத்துவிட்டது என்று அதை நிறுத்தவில்லை.