டயப்பர் போடும் தொட்டி: என்ன பார்த்து வாங்கினோம்

குழந்தைக்கு என்னென்ன வாங்க வேண்டும் என்று கேட்டால் தொட்டில், கொசுவலை, குளிப்பாட்டும் டப் என்று ஆளுக்கொரு பட்டியல் தருவார்கள். கழற்றிய டயப்பரை எங்கே போடுவது என்பது அந்தப் பட்டியலில் இருக்காது. பிறந்த குழந்தைக்கு ஒரு நாளைக்கு எட்டிலிருந்து பன்னிரண்டு தடவை மாற்ற வேண்டி வரும். பகலில் துணி, இரவிலும் வெளியே போகும்போதும் டயப்பர் என்று வைத்துக்கொண்டாலும் தினமும் நாலைந்து உருண்டை சேர்ந்துவிடும். நாங்கள் இருப்பது பெங்களூரு பானஸ்வாடியில், மூன்றாவது மாடி, லிஃப்ட் கிடையாது, ஒவ்வொன்றுக்கும் கீழே இறங்கி ஏற முடியாது. அதனால் மனைவியும் மகளும் கும்பகோணத்திலிருந்து திரும்பி வருவதற்கு முன்பே இந்த ஒரு சாமானை மட்டும் ஒழுங்காகத் தேர்ந்தெடுத்துவிட வேண்டும் என்று உட்கார்ந்தேன். தேடித் தெரிந்துகொண்டதை எழுதுகிறேன், யாருக்காவது நேரம் மிச்சமாகும்.

வெளிநாடுகளில் இதற்கென்றே தனித் தொட்டி விற்கிறார்கள். டயப்பர் ஜீனி என்பதில் வாய்ப்பகுதியில் ஒரு வளையம், அதற்குள் நீளமான பிளாஸ்டிக் குழாயாகப் பையை மடித்து வைத்திருப்பார்கள், டயப்பரை உள்ளே தள்ளியதும் வாய் இறுக மூடிக்கொள்ளும். டாமி டிப்பியின் தொட்டி ஒவ்வொரு டயப்பரையும் முறுக்கித் தனித்தனியாகப் பொதிந்துவிடுகிறது. டெக்கோர் காலால் மிதித்துத் திறப்பது, உள்ளே இருக்கும் நீளப் பையைத் தேவையான இடத்தில் வெட்டி முடிச்சுப் போட்டு எடுத்துக்கொள்ளலாம். உப்பி மட்டும் வேறு மாதிரி: எஃகு உடம்பு, ரப்பர் வளையம் வைத்த நகரும் மூடி, எந்தக் குப்பைப் பையை வேண்டுமானாலும் போடலாம்.

இவற்றில் எனக்குப் பிடித்தது உப்பிதான். பிளாஸ்டிக் தொட்டி நாளாக ஆக வாடையைத் தனக்குள் இழுத்து வைத்துக்கொள்ளும், எவ்வளவு தேய்த்தாலும் முழுதாகப் போகாது, எஃகில் அந்தத் தொல்லை இல்லை. இன்னொரு காரணம் பை. வளையப் பை வைக்கும் தொட்டிகளில் தொட்டியை ஒரு தடவை வாங்கினால் போதும், ஆனால் அதற்கான பையைக் குழந்தை டயப்பரை விடும்வரை, அதாவது இரண்டு இரண்டரை வருடம், வாங்கிக்கொண்டே இருக்க வேண்டும். இங்கே அது இறக்குமதிச் சரக்கு, விலையும் அதிகம், ஒரு மாதம் கிடைக்கும், அடுத்த மாதம் கிடைக்காது. பை இல்லாத நாளில் அந்தத் தொட்டியால் ஒரு பிரயோஜனமும் இல்லை.

உப்பியையே வரவழைத்துவிடலாம் என்று நினைத்துக்கொண்டிருந்தபோதுதான் ஒரு விஷயம் உறைத்தது. இந்தத் தொட்டிகளில் சில ஐம்பது டயப்பர் பிடிக்கும், அதற்கும் மேல் பிடிக்கும் என்று விளம்பரம் செய்கின்றன. எதற்கு ஐம்பது? அமெரிக்காவில் பல ஊர்களில் குப்பை வண்டி வாரத்துக்கு ஒருமுறைதான் வருகிறது. ஏழு நாள் அழுக்கை வீட்டுக்குள்ளேயே வைத்திருக்க வேண்டும் என்பதால்தான் இத்தனை ரப்பர், இத்தனை முறுக்கல், இத்தனை பை. எங்கள் தெருவில் வண்டி தினமும் காலையில் வருகிறது. அப்படியென்றால் எனக்கு வேண்டியது ஒரே ஒரு நாள் தாங்கும் தொட்டி. இது புரிந்ததும் தேடலே மாறிவிட்டது, வாடையை அடைத்து வைக்க என்ன வழி என்று பார்ப்பதை விட்டுவிட்டு, தினமும் சுலபமாக வெளியே கொண்டுபோக எது வசதி என்று பார்க்கத் தொடங்கினேன்.

அடுத்தது, அது எங்கே போகிறது என்ற கேள்வி. பெங்களூருவில் இரண்டு கூடை ஒரு பை என்ற முறை, கர்நாடக உயர்நீதிமன்றத்தின் 2015 உத்தரவுக்குப் பிறகு கட்டாயமாக வந்தது. சமையலறைக் கழிவுக்குப் பச்சைக் கூடை, காகிதம், பிளாஸ்டிக் போன்ற உலர்ந்தவற்றுக்கு ஒரு பை, டயப்பர், நாப்கின், கட்டுப் போட்ட பஞ்சு மாதிரியானவற்றுக்குச் சிவப்புக் கூடை. நாடு முழுவதற்குமாக 2016-இல் வந்த திடக்கழிவு மேலாண்மை விதிகளும் டயப்பரை நன்றாகச் சுற்றித்தான் கொடுக்க வேண்டும் என்றன, ஆனால் அவை உலர் குப்பைக் கூடையில் போடச் சொல்லியிருந்தன. உங்கள் நகராட்சி எதைப் பின்பற்றுகிறது என்று கேட்டுக்கொள்வது நல்லது. அதே 2016 விதிகள் டயப்பர் தயாரிக்கும் நிறுவனங்களுக்கும் ஒரு பொறுப்பு வைத்திருந்தன: மறுசுழற்சிக்கு ஆகும் பொருளில் செய்யப் பார்க்க வேண்டும், இல்லையென்றால் ஒவ்வொரு டயப்பரையும் போட ஓர் உறையைப் பாக்கெட்டோடு சேர்த்துத் தர வேண்டும். நாங்கள் வாங்கியவற்றில் அப்படி ஓர் உறையைப் பார்த்ததில்லை. தந்தால் எவ்வளவோ பேருக்கு உதவியாக இருக்கும், எனக்கு இதில் உண்மையிலேயே வருத்தம்தான்.

எங்கள் தெருவுக்கு வண்டியோடு வரும் அக்காவிடம் நேராகவே கேட்டேன், எப்படிக் கொடுத்தால் உங்களுக்கு வசதி என்று. அவர் வேலூர்ப் பக்கம், தமிழ் பேசுவார். "கறுப்பு கவர்ல கட்டிக் குடுக்காதீங்கண்ணா, உள்ள என்ன இருக்குன்னு தெரியாது, பிரிச்சுப் பாக்க வேண்டியிருக்கு. பேப்பர்ல சுத்தி மேல சிவப்புல ஒரு பெருக்கல் குறி போட்டுட்டீங்கன்னா கையே வைக்க மாட்டோம், அப்படியே தனியா போட்டுருவோம்" என்றார். புனேயில் குப்பை சேகரிப்போரின் கூட்டுறவான ஸ்வச் அமைப்பும் இதையேதான் பொட்டலத்தின் மேல் சிவப்புப் புள்ளி வைக்கச் சொல்லிக் கேட்டு வருகிறது. குழந்தை மலத்தில் கிருமி இருக்காது என்று நம் வீடுகளில் ஒரு நினைப்பு உண்டு, அது சரியல்ல. ரோட்டா வைரஸ் பரவுவதே அந்த வழியில்தான். சொட்டு மருந்தாகக் கொடுக்கும் ரோட்டா தடுப்பூசியின் வைரஸ்கூடச் சில நாட்களுக்கு மலத்தில் வெளியேறும், ஆறாவது, பத்தாவது, பதினான்காவது வாரச் சொட்டு மருந்துகளுக்குப் பிறகு டயப்பர் மாற்றுகிறவர்கள் சோப்பு போட்டுக் கை கழுவுவதில் கூடுதல் கவனமாக இருக்க வேண்டும். வீட்டில் இருக்கும் நமக்கே இப்படி என்றால், கையுறையில்லாமல் வெறுங்கையால் நூறு வீட்டு டயப்பரைத் தரம் பிரிக்கிற ஒருவரை நினைத்துப் பாருங்கள். அன்று அவர் சொன்னதுதான் எனக்குக் கிடைத்ததிலேயே உருப்படியான ஆலோசனை.

அப்புறம் கடைக்குப் போனேன். அல்சூர் பக்கம் ஒரு பெரிய பாத்திரக் கடை, அங்கே பெடல் வைத்த எவர்சில்வர் தொட்டி எல்லா அளவிலும் இருந்தது. ஐந்து லிட்டர் சிறியது, பொட்டலமாகச் சுற்றிய டயப்பரைப் போட்டால் சாயங்காலத்துக்குள் நிரம்பிவிடும். இருபது லிட்டருக்கு மேல் என்றால் நிரம்பட்டும் என்று விட்டுவிடத் தோன்றும், இரண்டாம் நாள் வாடை அங்கேதான் ஆரம்பிக்கிறது. பன்னிரண்டு லிட்டர் எங்களுக்குச் சரியாக இருந்தது, குழந்தை வளர்ந்து டயப்பர் அளவு பெரிதாகும்போதும் ஒரு நாள் கணக்கு அதில் அடங்கிவிடுகிறது. உள்ளே தனி வாளி இருக்கிறதா என்று கட்டாயம் பாருங்கள். அந்த வாளி பிளாஸ்டிக்தான், ஆனால் தனியாகத் தூக்கிக் கழுவி மொட்டை மாடி வெயிலில் கவிழ்த்து வைக்கலாம், வீணாகிப் போனால் அதை மட்டும் மாற்றிக்கொள்ளலாம். கடையிலேயே பெடலை மிதித்து மூடி விழும் சத்தத்தைக் கேளுங்கள். டமார் என்று விழுகிற மூடி ராத்திரி இரண்டு மணிக்கு என்ன செய்யும் என்று குழந்தை உள்ள வீட்டுக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை, மெதுவாக இறங்கும் மூடிக்குக் கொஞ்சம் கூடக் கொடுத்தாலும் தகும். பெடல் கட்டாயம் வேண்டும், ஒரு கை குழந்தையின் மேல் இருக்கும், இன்னொரு கையில் அழுக்கு டயப்பர் இருக்கும், மூடியைத் தொட மூன்றாவது கை கிடையாது.

இந்தச் சாதாரணத் தொட்டிகளில் இல்லாதது ரப்பர் வளையம் ஒன்றுதான். கதவு இடுக்கில் ஒட்டுகிற ஸ்பாஞ்ச் டேப் ஹார்டுவேர் கடையில் சுருளாகக் கிடைக்கும், அதை மூடியின் உள்விளிம்பில் சுற்றி ஒட்டினேன். ரொம்பத் தடிமனாக வாங்கினால் மூடி முழுதாக உட்காராது, மெல்லியதே போதும். இப்போது பக்கத்தில் நின்றாலும் ஒன்றும் தெரிவதில்லை.

ஆனால் அத்தை வந்து சொன்ன ஒரு வேலைதான் வாடையில் பெரும்பகுதியைத் தீர்த்தது. "மாப்பிள்ளை, தொட்டி எவ்வளவு நல்லதா இருந்தா என்ன, ஆய் அதுக்குள்ள எதுக்குப் போகணும்? கக்கூஸ்ல தட்டிட்டுப் போடுங்க" என்றார். டயப்பர் பாக்கெட்டுகளிலேயே பெரும்பாலும் பொடி எழுத்தில் இதைப் போட்டிருக்கிறார்கள், யாரும் படிப்பதில்லை. தட்டினால் விழாததை டிஷ்யூ காகிதத்தால் வழித்து, காகிதத்தை டயப்பரோடேயே வைத்துச் சுருட்டலாம். ஹெல்த் ஃபாசெட்டால் டயப்பர்மேல் தண்ணீர் அடிக்க வேண்டாம், உள்ளே இருக்கும் உறிஞ்சும் தூள் இன்னும் ஊதிக் கனத்துவிடும். பிறகு முன்பக்கத்திலிருந்து இறுக்கமாகச் சுருட்டி, அதன் ஒட்டுப் பட்டையாலேயே ஒட்டி, செய்தித்தாளில் பொதிந்து, சிவப்பு மார்க்கரால் குறி போட்டுவிடுவோம். மார்க்கரைத் தொட்டியின் பக்கத்திலேயே நூலில் கட்டித் தொங்கவிட்டிருக்கிறோம்.

மலம் போய்விட்டால் மிச்சம் இருப்பது சிறுநீர். அதிலுள்ள யூரியாவைப் பாக்டீரியா உடைக்கும்போது அமோனியா வருகிறது, அதுதான் மூக்கைக் குத்துகிற வாடை. வெயில் காலத்தில் இது வேகமாக நடக்கும், அதனால் தொட்டியை ஜன்னல் வெயில் படாத மூலையில் வைத்திருக்கிறோம், வாளியின் அடியில் கொஞ்சம் அடுப்புக்கரியைத் துணியில் முடிந்து போட்டிருக்கிறோம். ஏர் ஃப்ரெஷ்னர் எதுவும் குழந்தை தூங்கும் அறையில் வேண்டாம் என்று முதலிலேயே முடிவு செய்துவிட்டோம்.

இங்கே இரண்டு விஷயத்தைக் கொஞ்சம் அழுத்தியே சொல்கிறேன். ஒன்று, அந்துருண்டை. தொட்டியில் இரண்டு உருண்டை போட்டு வை, பூச்சியும் வராது நாற்றமும் வராது என்று சொந்தக்காரர்கள் பலரும் சொன்னார்கள், அன்பாகத்தான் சொன்னார்கள். ஜி6பிடி என்ற நொதி குறைவாக உள்ள குழந்தைக்கு அந்துருண்டையில் இருக்கும் நாப்தலின் பட்டால், அதன் ஆவி பட்டால்கூட, ரத்தச் சிவப்பணுக்கள் உடைந்து சோகையும் மஞ்சள்காமாலையும் வரலாம். குழந்தைக்கு அந்தக் குறைபாடு இருக்கிறதா என்று பல வீடுகளில் தெரியவே தெரியாது. குழந்தைத் துணி வைக்கும் அலமாரியிலும் அதைப் போடாதீர்கள். இரண்டாவது, பிளீச்சிங். சிறுநீர் கசிந்த வாளியில் நேராக பிளீச்சிங் கரைசலை ஊற்றினால் அமோனியாவோடு சேர்ந்து குளோரமின் வாயு கிளம்பும், கண்ணும் தொண்டையும் எரியும், மூடிய பாத்ரூமில் அது ஆபத்து. முதலில் சோப்புத் தண்ணீரால் நன்றாக அலசிவிட்டால் போதும், அதற்குப் பிறகு வெயிலே மீதியைப் பார்த்துக்கொள்ளும்.

துணி லங்கோடுகளுக்கு இந்தத் தொட்டி கிடையாது. அவற்றை அலசிப் பிழிந்து ஓட்டை வைத்த கூடையில் போட்டு வைத்து, காலையில் மொத்தமாகத் துவைக்கிறோம். வாளித் தண்ணீரில் ஊறவைக்கும் பழக்கத்தை, மகள் குப்புற விழ ஆரம்பித்ததும் அத்தையே நிறுத்திவிட்டார். சில அங்குலத் தண்ணீரே ஒரு குழந்தைக்கு ஆபத்து, தவழ்கிற வீட்டில் நிறைந்த வாளி இருக்கவே கூடாது.

ஆறு மாதம் வரை தாய்ப்பால் மட்டும்தான், மலத்துக்குப் பெரிய வாடையே இல்லை. எந்தத் தொட்டியை வாங்கினாலும் அந்தக் காலத்தில் நல்ல தொட்டியாகத்தான் தெரியும், அதை வைத்து யாராவது சிபாரிசு செய்தால் குழந்தைக்கு என்ன வயது என்று கேளுங்கள். கேழ்வரகுக் கூழ், பருப்பு சாதம் என்று ஆரம்பித்த பிறகுதான் ஸ்பாஞ்ச் டேப்புக்கும் கரிக்கும் உண்மையான வேலை வந்தது.

இப்போது மகள் நன்றாகத் தவழ்கிறாள், எதையாவது பிடித்து எழுந்து நிற்கவும் பார்க்கிறாள், பளபளவென்று இருக்கும் தொட்டியின் மேல் அவளுக்கு ஒரு கண். பெடலைக் கையால் அழுத்தி மூடியைத் திறக்கக் கற்றுக்கொண்டுவிட்டாள். அதனால் தொட்டியைப் பாத்ரூமுக்குள் மாற்றி, கதவுக்கு வெளியே உயரத்தில் ஒரு தாழ்ப்பாள் போட்டோம். மாற்றிப் போடும் மெத்தையையும் பாத்ரூம் வாசல் பக்கமே நகர்த்திவிட்டோம், டயப்பரைக் கையில் வைத்துக்கொண்டு ஹாலைக் கடக்க வேண்டியதில்லை. வாளிக்குள் பிளாஸ்டிக் பை போடுவதையும் விட்டாயிற்று, குழந்தை கையில் கிடைத்தால் முகத்தில் கவிழ்த்துக்கொள்ளும் சாமான் அது. அடியில் நான்காக மடித்த செய்தித்தாள் போதுமாக இருக்கிறது.