பெயரோடு விற்ற தோட்டம்

கோத்தகிரியில் எங்கள் குடும்பத்துக்குக் கொஞ்சம் தேயிலை இருக்கிறது. பறித்த கொழுந்து மாலையில் தராசு ஏறி இறங்கியதும் ஊரார் இலையோடு கலந்துவிடும். எந்தச் சரிவில் விளைந்தது என்று அதற்குப் பிறகு யாருக்கும் தெரியாது. அந்த வருத்தம் மனத்தில் இருந்ததால்தான், பிரான்சின் போர்தோ நகரை ஒட்டிய பெசாக்கில் உள்ள ஓ-பிரியோன் திராட்சைத் தோட்டத்தின் வரலாறு என்னை இவ்வளவு ஈர்த்தது.

மனைவி சீதனமாகக் கொண்டுவந்த நிலத்தோடு, 1533இல் ழான் தெ போந்தாக் ஓ-பிரியோன் மனையையும் வாங்கிச் சேர்த்தார். ஊர்ப் பெயரில் பொதுவாக ஒயின் விற்ற காலத்தில், அவருடைய வழிவந்தவர்கள் தங்கள் தோட்டத்துச் சரக்கைத் தனித்தே லண்டனுக்கு அனுப்பினார்கள். 1663இல் ஆங்கிலேய நாட்குறிப்பாளர் சாமுவேல் பெப்பிஸ் அங்கே ஒரு மதுவிடுதியில் அதைப் பருகி, அதன் தனிச்சுவையை நாட்குறிப்பில் பெயரோடு எழுதிவைத்தார். 1677இல் தோட்டத்தையே காண வந்த தத்துவஞானி ஜான் லாக், எதுவும் விளையாது என்று எண்ணத்தக்க வெண்மணலையும் சரளையையும் கண்டார்; நடுவே ஒரு வாய்க்கால் மட்டுமே உள்ள, பார்வைக்கு அதே மண்ணான அடுத்த தோட்டத்து ஒயின் இதற்கு ஈடாகாது என்று வணிகர்கள் அவரிடம் சொன்னார்கள். நான் திரும்பத் திரும்பப் படித்த பகுதி இதுதான்.

போர்தோ ஒயின்களுக்கான 1855ஆம் ஆண்டுத் தரவரிசையில், போர்தோவுக்கு வடக்கேயுள்ள மெதோக் பகுதிக்கு வெளியிலிருந்து முதல் தரம் பெற்ற ஒரே சிவப்பு ஒயின் இதுவே. 1935இல் அமெரிக்க வங்கியாளர் கிளாரன்ஸ் டில்லன் தோட்டத்தை வாங்கினார்.

அங்கே பழங்களைக் கையால் பறித்து, பகுதிவாரியாகத் தோலோடு நொதிக்க வைக்கிறார்கள். சிவப்பு நிறமும் துவர்ப்பும் தோலிலிருந்தே இறங்குகின்றன. வெப்பம் மிஞ்சினால் ஈஸ்ட் செத்துப்போகும் என்பதால், வெப்பத்தைக் கட்டுப்படுத்த எளிதான துருப்பிடிக்காத எஃகுத் தொட்டிகளை 1961இலேயே கொண்டுவந்தார்கள். தேயிலை ஃபேக்டரியில் நொதித்தலைக் கவனித்தவர்களுக்கு இந்த அச்சம் நன்றாகவே புரியும். பிறகு ஒயின் ஓக் மரப் பீப்பாய்களில் முதிர்கிறது. மெர்லோ, கபர்னே சொவின்யோன், கபர்னே ஃபிரான் ஆகிய திராட்சை வகைகளின் ஒயின்களைச் சுவைத்துப் பார்த்துக் கலக்கிறார்கள். தரம் எட்டாதவற்றை, வேறு பெயரில் விற்கும் இரண்டாம் ஒயினுக்கு ஒதுக்குகிறார்கள். ஆக, அவர்களும் கலக்கத்தான் செய்கிறார்கள். ஆனால் தங்கள் மண்ணில் விளைந்ததை மட்டுமே கலக்கிறார்கள்.

எங்கள் மேல்காட்டுக்கும் கீழ்காட்டுக்கும் நடுவிலும் ஒரு வாய்க்கால் ஓடுகிறது. வரும் பனிக்காலத்தில் இரண்டின் கொழுந்தையும் தனித்தனியே பறித்து, வீட்டிலேயே கையால் உருட்டிக் காயவைத்து, அம்மாவுக்கும் எனக்கும் இரண்டு கோப்பைகளாகப் போட்டுப் பார்க்கப்போகிறேன்.